சந்தேகமும் சாட்சியமும்

திருமறையின் 49ஆவது அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தில், இறைவன் மூன்று தீங்குகளை ஒரே வசனத்தில் அடுத்தடுத்து வைத்து விலக்குகின்றான். வீண் சந்தேகம் கொள்ளுதல், பிறர் குறையைத் துருவுதல், புறம் பேசுதல் என்பன அவை. நம் மக்கள் இவ்வசனத்தை ஓதல் பள்ளியில் கேட்கின்றனர். ஜும்ஆ மேடையில் கேட்கின்றனர். மையத்து வீட்டு மஜ்லிஸிலும் கேட்கின்றனர். அண்டை வீட்டாரின் மானம் நம் மானம் என்னும் உணர்வை இவ்வொரு வசனம் எத்தனையோ தலைமுறைகளாக நம் தெருக்களில் காத்து வந்திருக்கின்றது.

ஆயினும் இதே வசனம் ஓரிடத்தில் முறை தவறி ஆளப்படுவதை நாம் நெடுங்காலமாகக் கண்டு வருகின்றோம். சுவருக்கு அப்பால் ஒரு குழந்தை நாள்தோறும் அலறுகின்றது. ஒரு சிறுமி உறவினர் ஒருவரைக் கண்டாலே உம்மாவின் முந்தானைக்குள் ஒளிகின்றாள். மதிய உணவு வேளையில் ஒரு மாணவனின் முதுகில் பழந்தழும்பும் புதுத்தழும்பும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. பார்த்தவர் வாய் திறக்க எண்ணும்போது, உள்ளிருந்தோ ஊரிலிருந்தோ ஒரு குரல் எழுகின்றது: "தப்பெண்ணம் கொள்ளாதே, அது அவர்கள் வீட்டுக் காரியம்."

குழந்தை ஒன்றுக்குத் தீங்கு நேர்கின்றது என்னும் ஐயம் (உறுதியன்று, ஐயமே) நமக்கு எழுமாயின், அதனை உரியவரிடம் எடுத்துரைப்பது ஏவப்பட்ட சாட்சியமா, விலக்கப்பட்ட துருவுதலா? இவ்வினாவைத்தான் நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கடந்த 60 ஆண்டுகளில் பல நாட்டு அறிஞர்கள் இத்தகைய முறையீடுகளையும் அவற்றின் விளைவுகளையும் எண்ணிக் கணக்கிட்டு வந்துள்ளனர். அக்கணக்குகளை நம் இமாம்கள் வகுத்த நெறிகளோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதே முறை என்று கருதுகின்றோம்.

1962ஆம் ஆண்டில் ஹென்றி கெம்பே என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 71 மருத்துவமனைகளை உசாவி, ஓராண்டில் அடிபட்டு வந்த 302 குழந்தைகளின் விவரத்தை அவர்கள் திரட்டியிருந்தனர். அவர்களுள் 33 பேர் இறந்துவிட்டனர். 85 பேருக்கு மூளையில் நிலையான பாதிப்பு. எலும்பு முறிவுகள் அதற்கு முன்பும் எக்ஸ்ரே படங்களில் தெரிந்துகொண்டுதான் இருந்தன. வெவ்வேறு காலத்தில் முறிந்து, வெவ்வேறு அளவில் கூடிவந்த எலும்புகளைக் கண்ட பின்பும், "மாடிப்படியில் விழுந்தான்" என்று பெற்றோர் சொன்னால் மருத்துவர் ஏற்றுக்கொண்டார். பெற்றவர் இதனைச் செய்வர் என நம்ப அவர் மனம் இடந்தரவில்லை. அந்த மருத்துவர்களைக் கல்நெஞ்சர் என்று நாம் சொல்லமாட்டோம். நல்லெண்ணம் என நாம் போற்றும் ஹுஸ்னுள் ளன்னைத்தான் அவர்களும் கைக்கொண்டனர். ஆனால் அதன் பயன் பெரியவர்களுக்குப் போயிற்று. அதற்கான விலையைக் குழந்தைகள் செலுத்தினர். அக்கட்டுரை வெளிவந்த சில ஆண்டுகளுக்குள், ஐயம் எழுந்தாலே தகவல் தரவேண்டும் என்று அந்நாட்டு மாநிலங்கள் சட்டம் இயற்றின.

நம் நாட்டிற்கு வருவோம். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறிந்து தயாரிக்கப்பட்ட அறிக்கை அது. மூவரில் இருவர் உடலால் துன்புறுத்தப்பட்டதாகக் கூறினர். 100க்கு 53 பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறினர். கொடுமை இழைத்தோருள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதனை எவரிடமும் சொல்லவில்லை. குழந்தை சொல்லாது என்பது இவ்வாறு உறுதியாகும்போது, கண்ணுற்றவர் சொல்வதன் பொறுப்பு இன்னும் கனத்துவிடுகின்றது.

ஐந்தாண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டில், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது. போக்சோ என்று ஊரெல்லாம் சொல்லும் சட்டம் இதுவே. இதன் 19ஆவது பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்தவரை மட்டுமன்றி, நடக்கக்கூடும் என அஞ்சுகின்றவரையும் தகவல் தருமாறு பணிக்கின்றது. அறிந்தும் மறைத்தவருக்கு 21ஆவது பிரிவு ஆறு மாதம் வரை சிறை வைத்துள்ளது. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது வழக்கில்லை. தீய நோக்கோடு பொய் சொன்ன பெரியவருக்குத் தண்டனை உண்டு. ஆனால் பொய் சொன்னது குழந்தையாயின் அதனைத் தண்டிக்கலாகாது. இந்தக் கடைசி விதியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

இனி, முறையீடு செய்த பின் என்ன நேர்கின்றது என்பதைக் காண்போம். ஆண்டுதோறும் இதனைக் கணக்கிட்டு வெளியிடும் நாடு அமெரிக்கா. 2019ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 44 லட்சம் தகவல்கள் வந்தன. அவை 79 லட்சம் குழந்தைகளைப் பற்றியவை. பாதிக்குச் சற்று மேற்பட்டவையே விசாரணைக்கு ஏற்கப்பட்டன. முடிவில், கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானோர் என்று உறுதிசெய்யப்பட்ட குழந்தைகள் 6,56,000 பேர். இக்கணக்கைக் காண்போர் உடனே ஒரு முடிவுக்கு வருவர்: "பார்த்தீர்களா, பெரும்பாலானவை பொய்!"

இம்முடிவு பிழை. ஓதிய மாணவன் இதில் இடறக்கூடாது. வாதியிடம் சான்று இல்லையெனின் காஜி பிரதிவாதியின் சத்தியத்தைப் பெற்று வழக்கை முடிக்கின்றார். அதனால் வாதி பொய்யன் என்று எந்த ஃபிக்ஹு நூலும் தீர்ப்புச் சொன்னதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, தாம் மனிதரென்றும், கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், வாக்கு வன்மையால் ஒருவர் பிறர் உரிமையை வென்று போவாராயின் அவர் கொண்டு போவது நெருப்புத் துண்டு என்றும் எச்சரித்திருக்கின்றார்கள். தீர்ப்பு வேறு, உண்மை வேறு. இது நம் மாணவர்கள் முதற்பாடமாக அறிந்த செய்தி.

ஆய்வாளர்களும் இதே இடத்திற்குத்தான் வந்து சேர்ந்தனர். உறுதிசெய்யப்பட்ட முறையீடுகளுக்குரிய குழந்தைகளையும், உறுதிசெய்யப்படாத முறையீடுகளுக்குரிய குழந்தைகளையும் ஒப்பிட்டு 2005ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. நடத்தையிலும் வளர்ச்சியிலும் இரு சாராருக்கும் கருதத்தக்க வேறுபாடில்லை என்று அது கண்டது. பின்னர், 1999 முதல் 2006 வரை கலிபோர்னியாவில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த எமிலி பட்நம்-ஹார்ன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர், 2011இல் இன்னும் கடியதொரு செய்தியைத் தந்தார். முன்பு முறையீடு எழுந்திருந்த குழந்தைகள், வேண்டுமென்றே இழைக்கப்பட்ட காயத்தால் ஐந்து வயதுக்குள் இறக்கும் வீதம், முறையீடே எழாத குழந்தைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. 'நிரூபணமாகவில்லை' என்று கோப்பை மூடியவுடன் ஆபத்தும் மூடிப் போய்விடவில்லை என்பதே இதன் பொருள். அண்டை வீட்டாரின் அரைகுறை ஐயமும் வெறுங்காற்றன்று.

வேண்டுமென்றே புனையும் பொய்ப்புகார் எத்தனை? கனடாவில் 1998இல் நாடு தழுவி நடந்த ஆய்வொன்று, விசாரிக்கப்பட்டவற்றுள் 100க்கு 4 என்று கண்டது. பிரிந்த கணவன் மனைவி பிள்ளைக்காக வழக்காடும் இடங்களில் இது 100க்கு 12 ஆக உயர்ந்தது. அங்கும் பொய் புனைவதில் குழந்தைகள் மிகக் குறைந்த பங்கினர். ஆகவே பிள்ளை உரிமை வழக்கில் எழும் புகாரைக் கேட்பவர் கூடுதல் எச்சரிக்கையோடு கேட்கட்டும். குழந்தை தானே வந்து சொல்வதை மட்டும் எள்ளி ஒதுக்காதிருக்கட்டும்.

இவ்விடத்தில் நம்மிடையே கற்றவர் சிலர் எழுப்பும் தடை ஒன்றுண்டு. நான்கு சாட்சிகள் இன்றி ஒருவர் மீது இத்தகைய பழி சொல்வது கத்ஃபு ஆகாதா? அதற்கு 80 கசையடி அல்லவா? தடை வலியது போலத் தோன்றும். ஆனால் அந்நான்கு சாட்சிகள் ஹத்து என்னும் தண்டனையை விதிப்பதற்குரிய நிபந்தனை. ஒரு குழந்தையை ஆபத்தான கையிலிருந்து விலக்குவதற்குரிய நிபந்தனை அன்று. தகவல் சொல்பவர் எவருக்கும் ஹத்து கேட்கவில்லை. தாம் கண்டதையும் குழந்தை கூறியதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்கின்றார். அன்றியும், பருவமடையாத பிள்ளை கத்ஃபு தண்டனைக்கு உட்பட்டதன்று என்பதில் நம் சட்ட நூல்கள் ஐயமின்றி இருக்கின்றன. குழந்தை சொன்னது பொய்யாயினும் அதனைத் தண்டிக்கலாகாது என 2012ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கு அளித்ததை மேலே சொன்னோம். டில்லியில் இருந்து சட்டம் எழுதியவர்கள் நம் கிதாபுகளைப் புரட்டியிருக்க மாட்டார்கள். எனினும் நியாயம் இரு வழியாகவும் ஓரிடத்திற்கே வந்திருக்கின்றது.

புறம் பேசுதல் என்னும் தடையோ இன்னும் எளிதாக நீங்குகின்றது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், ஒருவரைப் பற்றி அவர் இல்லாவிடத்தில் பேசுவது ஆகுமாகும் ஆறு இடங்களை எண்ணியுள்ளார்கள். அநீதிக்குள்ளானவர் அதிகாரம் உடையவரிடம் முறையிடுவது அவற்றுள் முதலாவது. தீமையைத் தடுக்கவல்லவரிடம் அதனைத் தெரிவித்து உதவி கோருவது இரண்டாவது. பாடம் நடத்தும் நாம் இவ்விரண்டையும் வேகமாகக் கடந்து, மூன்றாவதாகிய ஃபத்வா கேட்பதில் நின்றுவிடுகின்றோம். அது நமக்குப் பழகிய இடம் அல்லவா!

துருவுதல் என்பதற்கு வருவோம். அல்ஹுஜுராத்தின் 12ஆவது வசனத்தை ஓதுவோர், அதற்குச் சில வசனங்களுக்கு முன்னுள்ள 6ஆவது வசனத்தையும் சேர்த்து ஓத வேண்டும். நம்பத்தகாத ஒருவன் செய்தி கொண்டு வந்தாலும் தீர விசாரியுங்கள் என்பது அதன் கருத்து. செய்தியைக் குப்பையில் போடுங்கள் என்று இறைவன் கூறவில்லை. விசாரிப்பது யார் வேலை என்பதுதான் வினா. அண்டை வீட்டார் சாளரத்தில் காது வைத்துக் கேட்பதும், பிள்ளையைத் தனியே அழைத்துப் பத்துப் பேர் முன்னிலையில் குடைந்து குடைந்து வினவுவதும் துருவுதலே. குழந்தைக்கு அது மறுபடியும் ஒரு துன்பம். பின்னர் வரும் விசாரணையையும் கெடுத்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, விசாரணையைப் பொறுப்புடையவரிடம் விட்டுவிடுபவரோ துருவுதலினின்று தம்மைக் காத்துக்கொண்டவர் ஆகின்றார். நம் தெருக்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. தேநீர்க் கடையில் எல்லாரும் பேசுவர். கலியாண வீட்டில் கண்சாடை காட்டுவர். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்ல ஒருவரும் இரார். விலக்கப்பட்டது தாராளமாக நடக்கின்றது. ஏவப்பட்டது மட்டும் நின்றுபோகின்றது.

இவ்வளவும் கூறியபின், முறையீட்டினாலும் தீங்கு விளையும் என்பதை மறைத்தால் நாமே சாட்சியத்தை மறைத்தவர் ஆவோம். 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிளீவ்லாந்து வட்டாரத்தில், மருத்துவர் இருவர் கைக்கொண்ட ஒரு சோதனை முறையைப் பெரிதும் நம்பி, 121 குழந்தைகள் பாலியல் கொடுமைக்குள்ளானதாக முடிவு செய்யப்பட்டது. பலர் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பின்னர் வீடு திரும்பினர். 1988இல் வெளிவந்த விசாரணை அறிக்கை, ஒரே ஓர் உடற்குறியை வைத்து முடிவு கட்டலாகாது என்று கண்டித்தது. அதே மூச்சில், குழந்தை சொல்வதைச் செவிமடுக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

அமெரிக்காவிலோ, 18 வயதுக்குள் ஏறத்தாழ 100க்கு 37 குழந்தைகள் ஒரு முறையேனும் இத்தகைய விசாரணைக்கு உள்ளாகின்றனர் என்று 2017இல் ஒரு கணக்கு வெளிவந்தது. கறுப்பினக் குழந்தைகளுள் இது 53. அங்கே உறுதிசெய்யப்படுபவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு புறக்கணிப்பைப் பற்றியவை. இதில்தான் வறுமை குற்றமாக வேடமிடுகின்றது. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் தொழிற்சாலைக்குச் செல்லும் ஒரு கைம்பெண், நான்கு வயதுப் பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிச் செல்கின்றாள் என்று வைத்துக்கொள்வோம். அஃது ஆபத்து, ஐயமில்லை. ஆனால் அங்கே போகவேண்டியது காவலர் அன்று. ஜமாஅத்தின் பைத்துல்மால் போகவேண்டும், பக்கத்து வீட்டு உம்மாமார் போகவேண்டும். தம் பொறுப்பில் உள்ளோரைப் பாழாக விடுவதே ஒருவருக்குப் பாவமாகப் போதுமானது என்னும் ஹதீது பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. ஸகாத்தைக் கணக்கிட்டு வாங்கும் நிர்வாகிகளும் அதனைத் தங்களுக்குரியதாக ஓதிப் பார்க்கலாம்.

பிள்ளையைப் பிரித்து வைப்பதால் நன்மையா தீமையா என்பதிலும் ஆய்வுகள் ஒரே முகமாக இல்லை. 2007இல் ஜோசப் டாயில் என்னும் பொருளியல் அறிஞர் இல்லினாய் மாநிலத்தில், பிரிப்பதா வேண்டாவா என்று அதிகாரிகளே கருத்து மாறுபடும் எல்லையில் நின்ற குழந்தைகளை ஆராய்ந்தார். வீட்டிலேயே விடப்பட்டோர் மேலாக இருந்தனர். 2022இல் மிச்சிகனில் நடந்த ஆய்வோ, வேறு குடும்பத்தில் வைக்கப்பட்டோர் பின்னர் பள்ளி வருகையிலும் கணிதத்திலும் மேம்பட்டதைக் கண்டது. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு ஆண்டில் பெற்றோரிடம் திரும்பினர். அதற்குள் பெற்றோரும் திருந்த வாய்ப்பிருந்தது. பிரித்தல் நெடிதா குறிதா, போய்ச் சேரும் இடம் எத்தகையது என்பதே பெரிது போலும். விடுதிகளில் இட்டு நிரப்புவதன் கேட்டை ருமேனியா காட்டிற்று. புகாரெஸ்ட் நகரில், காப்பகத்தில் கிடந்த 136 பச்சிளங் குழந்தைகளில் பாதிப்பேரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்து குடும்பங்களில் ஒப்படைத்தபோது, அவர்களின் அறிவு வளர்ச்சி காப்பகப் பிள்ளைகளை முந்தியது. இரண்டு வயதுக்குமுன் சென்றோரே மிகுதியும் பயனடைந்தனர். யதீம்கானா கட்டடம் எழுப்புவதில் பெருமை கொள்ளும் நம் செல்வர்கள் இதனைக் கவனிப்பார்களாக. அநாதையை வீட்டில் வைத்து வளர்ப்பதையே நம் மார்க்கம் முதலில் சிறப்பித்துச் சொல்லியிருக்கின்றது. வளர்ப்பவரின் தகுதியையும் நம் ஷாஃபிஈ நூல்கள் நிறுத்திப் பார்த்திருக்கின்றன. ஹளானத்து என்னும் வளர்ப்புரிமைக்கு அவை விதித்த ஏழு நிபந்தனைகளுள் அமானத்து ஒன்று. அஃது இல்லையெனின், பெற்றவளே ஆயினும் உரிமை விழும். பெற்றோருக்குப் பிள்ளை சொத்து என்னும் எண்ணம் இந்நூல்களில் இல்லை.

நம் ஓதல் பள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தது. 2012இல் செய்யப்பட்ட திருத்தம் மதரஸாக்களையும் வேத பாடசாலைகளையும் அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது. கைப்பிரம்புக்கே விலக்குக் கிடைத்தாற்போலச் சிலர் மகிழ்ந்தனர். 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்துக் கொடுமை செய்யும் எவரையும் விடவில்லை என்பதை அவர்கள் அறியார். அரசுச் சட்டத்தை விடுவோம். இமாம் நவவி அவர்கள் மின்ஹாஜில், ஆசிரியர் அடித்து மாணவனுக்கு உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஆசிரியர் ஈடு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கின்றார்கள். இப்னு கல்தூனோ, மாணவரிடம் காட்டும் கடுமை அவர்களுக்குப் பொய்யையும் வஞ்சகத்தையும் பழக்கும் என்று முகத்திமாவில் ஒரு தனி அத்தியாயமே அமைத்தார். பத்து வயதில் தொழுகைக்காக அடிப்பது பற்றிய ஹதீதை மட்டும் மனனம் செய்தவர்கள் இவற்றையும் ஓதியிருந்தால் பல பிள்ளைகளின் முதுகு தப்பியிருக்கும்.

அடிபட்ட பிள்ளை கெட்டுத்தான் போகும் என்னும் இன்னொரு தீர்ப்பும் ஊரில் உலவுகின்றது. கேத்தி விடம் என்னும் அறிஞர் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மறுமொழி. நீதிமன்றத்தில் உறுதிப்பட்ட கொடுமைக்கும் புறக்கணிப்புக்கும் உள்ளான 908 குழந்தைகளை, ஒத்த சூழலில் வளர்ந்த 667 குழந்தைகளோடு அவர் ஒப்பிட்டார். இளம் பருவத்தில் கைதானோர் முன்னவருள் 100க்கு 26, பின்னவருள் 17. கொடுமை ஒரு சுமைதான், ஐயமில்லை. ஆனால் அச்சுமையைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் குற்றவாளியாகவில்லை. அவர்களைப் பார்த்து விதியின் முத்திரை குத்த எவருக்கும் உரிமை இல்லை.

மறைத்தலின் பெருந்தீங்கு, நிறுவனத்தின் மானத்தையோ சமுதாயத்தின் மானத்தையோ காப்பாற்றக் கருதும்போது விளைகின்றது. 1950 முதல் 2002 வரை அமெரிக்கக் கத்தோலிக்கப் பாதிரிமாருள் 4,392 பேர் மீது குற்றச்சாட்டு எழுந்ததை 2004ஆம் ஆண்டு அறிக்கை ஒன்று தொகுத்தது. குற்றம் சாட்டியோர் 10,667 பேர். குறை கண்ட பாதிரியை ஓசையின்றி வேறொரு திருச்சபைக்கு மாற்றிவிடுவதே பல இடங்களில் நடந்தது. பிற சமயத்தாரை இகழ இதனை எடுத்தோமில்லை. ஓரூரில் முணுமுணுப்பு எழுந்தவுடன் உஸ்தாதுக்குச் சம்பளம் கொடுத்து அடுத்த ஊருக்கு வழியனுப்புவதை நாமும் அறிவோம். இங்கிலாந்தின் ராதர்ஹாம் நகரில் 1997க்கும் 2013க்கும் இடையே குறைந்தது 1,400 சிறார் சீரழிக்கப்பட்டதாக 2014இல் ஓர் அறிக்கை மதிப்பிட்டது. குற்றமிழைத்தோருள் பெரும்பாலோர் ஆசிய வழியினர் எனப் பாதிக்கப்பட்டோர் கூறினர். இனவெறியர் எனப் பெயர் வருமோ என்று அதிகாரிகள் சிலர் தயங்கினர். சிறுபான்மைச் சமூகச் சிறுமியர் படும் கொடுமை வெளிவராமலே போகின்றது என்பதையும் அதே அறிக்கை சுட்டியது. இதனைச் சொன்னால் பகைவருக்கு ஆயுதம் கிடைக்கும் என்பர். ஆயுதத்தை ஆக்கியவர் குற்றமிழைத்தவர், சொன்னவர் அல்லர். உங்களுக்கோ, பெற்றோருக்கோ, சுற்றத்தாருக்கோ எதிராயினும் நீதியின் பக்கம் சாட்சியாக நில்லுங்கள் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆவது வசனம் கூறும்போது, சமுதாயம் அச்சுற்றத்தினின்றும் விலக்கப்படவில்லை.

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்பது ஹதீது. அதற்கு விரிவுரை எழுதிய நவவி அவர்கள், தீங்கு செய்வதில் பேர் போகாதவர் என்றோ செய்து முடித்த பாவத்திற்கே அது பொருந்தும் என்றும், தீங்கிலேயே ஊறியவரை அதிகாரியிடம் அறிவிப்பதே தக்கது என்றும் பிரித்துரைத்துள்ளார்கள். சிறாரைச் சீரழிப்பவர் பெரும்பாலும் ஒருமுறையோடு நிற்பதில்லை.

தகவல் தந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. வழக்கைக் கூடியவரை ஓராண்டில் முடிக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டுச் சட்டம் கூறினும், பல வழக்குகள் அதனினும் நெடிது இழுக்கின்றன. அதற்குள் உறவினர் வருவர், சமரசம் பேசுவர், பெண்ணுக்கு நாளை கலியாணம் ஆக வேண்டாமா என்பர். சொன்னவரின் வீட்டு வாசலில் பேச்சுவார்த்தை நின்றுவிடும். நீதிமன்றத்தில் குழந்தையின் பக்கத்திலிருந்து, நடப்பதை அதற்கு விளக்கி, தேதிகளை நினைவூட்டி உடன் நிற்க 'துணை நபர்' என ஒருவரை அமர்த்த 2020ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன. சமூகப்பணியும் உளவியலும் படித்துப் பட்டம் பெற்ற நம் பெண்மக்கள் இன்று காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மேலப்பாளையத்திலும் இருக்கின்றனர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி அப்பணிக்குத் தம் பெயரைத் தர அவர்கள் முன்வரும்போது, வீட்டுப் பெரியவர்கள் "நமக்கெதற்கு வம்பு?" என்று குறுக்கே நில்லாதிருந்தால் போதும்.